பாதைச் சத்தம் கேட்காத மைக்

சேலத்தில் அந்தக் கடைக்காரர் என்னை ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பேசவிடவில்லை. சுவர் முழுக்கத் தொங்கிய கிடார்களுக்கு நடுவில் உட்கார்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டே, "லேடீஸ் வாய்ஸா? அப்போ கண்டென்சர் மைக்தான் மேம். கண்ண மூடிட்டு எடுத்துக்கங்க" என்றார். எந்த ஊரில் வைத்துப் பேசப்போகிறேன், கூரை ஓடா தகரமா, ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது, இதில் ஒன்றையாவது அவர் கேட்டிருக்க வேண்டாமா? செருப்புக் கடையில்கூடக் காலைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை எடுத்துக் கொடுக்கிறார்கள். மைக் விற்கிறவருக்கு என் தொண்டையும் முக்கியமில்லை, என் வீடும் முக்கியமில்லை. நான் புடவை கட்டியிருந்தது மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது.

கூடவே ஒரு அறிவுரையும் இலவசமாக வந்தது. "கொண்டை ஊசி வளைவுல அசைஞ்சா கெட்டுடும், மடியிலயே வச்சிட்டுப் போங்க." ஏற்காடு பஸ்ஸில் கைக்குழந்தையைப் போல அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து எனக்கு ஜன்னலோர இடம்கூடக் கொடுத்தார்.

எனக்கு எதற்கு மைக் என்று சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஏற்காட்டில் வெள்ளக்கடை பக்கம் எங்கள் வீடு. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே ஒரு ஒற்றையடிப் பாதை, காப்பிச் செடிகளுக்கு நடுவே மேல் எஸ்டேட்டிலிருந்து கீழே குடியிருப்புக்கு இறங்கிப் போகிறது. அந்தப் பாதையில் போய்வருகிறவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். அதன் முதல் அத்தியாயம், பாதையின் கீழ்க்கோடியில் குடியிருக்கும் ஒருத்தியின் கணவனைப் பற்றியது. அவன் அந்தப் பாதையில்தான் செத்தான்.

எங்கள் பக்கம் காட்டெருமைகள் அதிகம். மூடுபனி இறங்கிவிட்டால் கையெட்டும் தூரத்தில் நிற்பதுகூடத் தெரியாது. அதனால் இங்கே பாதையில் போகிற யாரும் சும்மா போக மாட்டார்கள். "ஓ... ஓய்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள். சிலர் பாட்டுப் பாடுவார்கள். சிலர் வீட்டில் இருக்கிறவர்களிடம் பேசுவதுபோல உரக்கப் பேசிக்கொண்டு நடப்பார்கள். ஆள் வருகிறது என்று தெரிந்தால் எருமை தானாக விலகிப்போகும். சத்தமில்லாமல் போய்த் திடீரென்று எதிரில் நின்றால்தான் முட்டும். அந்த மனிதனுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. குரல் எழும்பவில்லை. லீவு போட்டால் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் திட்டுவார் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டான். அவ்வளவுதான் விஷயம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் அவன் மனைவிதான். என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, பட்டாணி உரித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். புத்தகம் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அவளிடம்தான் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்குத்தான் படிக்கத் தெரியாதுங்களே டீச்சர். மக வந்தப்ப ரெண்டு பக்கம் படிச்சா. அழுதுபோட்டு மூடி வெச்சுட்டா. அவரப் பத்தி என்னுங்க எழுதிருக்கீங்க, எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள். நான் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டு கேட்க முடியாதாம். தனியாக இருந்து கேட்க வேண்டுமாம்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒலிப்புத்தகம் வெளியிடும் கம்பெனி ஒன்று என்னைத் தேடி வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் செல்போனில், அவள் வீட்டில், அவளுக்குத் தோன்றிய நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம் அல்லவா? மாதிரிக்கு ஒரு பகுதியைப் படித்து அனுப்பினார்கள். பயிற்சி பெற்ற குரல், தேன் மாதிரி இருந்தது. ஆனால் படித்த பெண் 'ஏனுங்க' என்று சொன்ன விதத்தில் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எங்கள் பேச்சைச் சினிமாவில் சிரிப்புக்காக இழுப்பார்களே, அந்த இழுவை. செத்துக் கிடக்கிற புருஷனைப் பார்த்து ஒருத்தி கதறும் இடத்தில் இந்த இழுவை வந்தால் கேட்கிறவன் சிரிக்கத்தானே செய்வான்? அதை அவள் காதில் போய் நான் எப்படி விழவிடுவேன்?

நானே படிக்கிறேன் என்றேன். கம்பெனியிலிருந்து போனில் பேசிய பெண் தயங்கினாள். "ஆத்தர்ஸ் படிச்சா கொஞ்சம் ஃப்ளாட்டா இருக்கும் மேம்." வாழ்நாளெல்லாம் பின்வரிசைப் பிள்ளைகளுக்குக் கேட்கும்படி பாடம் நடத்தியவளைப் பார்த்துத்தான் சொல்கிறாள். கடைசியில், வீட்டிலேயே பதிவு செய்து அனுப்புங்கள், சுத்தமாக இருந்தால் பார்க்கலாம் என்றாள். சுத்தம் என்றால் சத்தத்தில் சுத்தம். அப்படித்தான் நான் மைக் வாங்கக் கிளம்பினேன்.

கண்டென்சர் வந்தது. தாங்கியில் நிறுத்தி, கம்ப்யூட்டரில் செருகி, முதல் பக்கத்தைப் படித்துவிட்டுப் போட்டுக் கேட்டேன். என் குரல் கண்ணாடி போல இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதோடு சேர்த்து அது ஊரையே கேட்டிருந்தது. தகரத்தில் சில்வர் ஓக் இலை விழுந்ததை, பக்கத்துத் தோட்டத்தில் காப்பிப் பழம் தோலுரிக்கும் இயந்திரம் கடகடத்ததை, டூரிஸ்ட் வண்டி வளைவில் ஹார்ன் அடித்ததை எல்லாம் கேட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கீழே பாதையில் போனவர்கள் ஒருவர் விடாமல் வாக்கியத்துக்கு ஒருவராக "ஓ... ஓய்" என்று வந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

எனக்கு அது தப்பாகவே படவில்லை. கதையே அந்தப் பாதையைப் பற்றியதுதானே என்று நினைத்து அப்படியே அனுப்பிவைத்தேன். மறுநாள் போன் வந்தது.

"மேம், பேக்ரவுண்ட்ல யாரோ கத்துறாங்க."

"கத்தவில்லை, குரல் கொடுக்கிறார்கள். கதையில் வருகிறதே, படித்தீர்களா?"

"அது ஓகே மேம். ஆனா இது நாய்ஸ். அவங்கள ஒரு ஒன் அவர் அமைதியா இருக்கச் சொல்ல முடியுமா?"

போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்று, யாருமில்லாத இடத்தைப் பார்த்துத் திட்டினேன். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவன் போடும் சத்தத்துக்கு நாய்ஸ் என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர்கள் ஊரில் ஆம்புலன்ஸ் போனால் அதன் வாயைப் பொத்திவிட்டுப் பதிவு செய்வார்களா?

பிறகு யூடியூப் ஞானிகளிடம் போனேன். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நீல விளக்கும் ஊதா விளக்கும். குரலைப் பதிவு செய்ய விளக்கு எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எல்லோரும் ஒரே மூச்சில், வீட்டில் பதிவு செய்ய இதே கண்டென்சர்தான் சிறந்தது என்றார்கள். அமைதியான அறையில் வையுங்கள் என்றும் சொன்னார்கள். அமைதியான அறை இல்லாதவர்கள் என்ன செய்வது? துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசலாமாம். துணி சத்தத்தை உறிஞ்சிவிடுமாம்.

செய்தேன், அதையும் செய்தேன். எங்கள் ஊர் அலமாரிகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு பல்பை எரியவிடுவோம். அந்த பல்பு ஒரு பக்கம் சுட, அந்துருண்டை வாசம் மூக்கை அடைக்க, ஸ்வெட்டர்களுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவனுடைய மரணத்தைப் படித்தேன். நடுவில் தும்மல் வந்தது. போட்டுக் கேட்டால் தும்மலும் கண்ணாடி போலத் துல்லியமாக இருந்தது. அதற்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, "ஓ... ஓய்".

மழை விட்டு மூடுபனி இறங்கியதும் மைக்கே பொரிய ஆரம்பித்தது. கடுகு தாளிக்கிற சத்தம். கடைக்காரருக்குப் போன் செய்தால், "ஈரம் ஆகாது மேம், ட்ரையா வச்சுக்கணும்" என்கிறார். ஏற்காட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்று இரண்டு தடவை சொல்லித்தானே அதை வாங்கினேன்? ஏற்காட்டில் தீப்பெட்டியையே அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. மைக்கைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். பொரிகிற சத்தம் குறைந்தது. பாதைக் கீழ்க்கோடியில் இருப்பவள் வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்து, "ஏனுங் டீச்சர், அரிசிக்குள்ள எதையோ பொதச்சு வெக்கறீங்க, மாம்பழமுங்களா?" என்றாள். மைக் என்றேன். உன் வீட்டுக்காரர் கதையைப் பதிவு செய்கிறேன், நீ கேட்பதற்கு, ஆனால் கம்பெனிக்காரர்கள் பாதையில் கேட்கும் சத்தம் கூடாது என்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சரிங்க என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த நாட்களில் பதிவு நன்றாக வந்தது. தோட்டத்தில் பழம் பறிப்பு முடிந்து இயந்திரம் நின்றிருந்தது. காலையில் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டுப் படித்தால் பாதையிலிருந்து சத்தமே வரவில்லை. என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். முதல் அத்தியாயம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரு நாள் பனி அதிகமாக இருக்கிறதே, மைக் மறுபடி பொரியுமோ என்று பார்ப்பதற்காகத் திரையை விலக்கினேன்.

ஜன்னலுக்கு நேர் கீழே அவள் போய்க்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, காலடிச் சத்தம்கூடக் கேட்காமல் போனாள். அவளுக்குப் பின்னால் அவளோடு வேலைக்குப் போகிற பெண்களும் வாயைத் திறக்காமல், ஒருத்தி தோளை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பாதை இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்கு வெள்ளையாகப் பனி.

ஜன்னலை அடித்துத் திறந்தேன். "ஏ கண்ணு! குரல் குடுத்துட்டுப் போங்க புள்ள! உங்களுக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது?" என்று கத்தினேன். ஊரே கேட்டிருக்கும். அவள் நிமிர்ந்து பார்த்து, உதட்டில் விரல் வைத்து எனக்குச் சைகை காட்டினாள். எனக்கு!

செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"கோவிச்சுக்காதீங் டீச்சர். நீங்க அவரப் பத்திப் படிக்கறீங்க. நாங்க கத்துனா மெட்ராஸ்காரங்க வேண்டாம்னு சொல்லிப்போடுவாங்கள்ல? உங்க ஊட்டத் தாண்டற வரைக்குந்தானுங்க. அந்தப் பக்கம் போயி கத்திக்குவோம்."

"தாண்டற வரைக்கும் காட்டுமாடு சும்மா நிக்குமா? உன் ஊட்டுக்காரரு எங்க செத்தாருன்னு உனக்குத் தெரியாதா சாமி?"

"தெரியுமுங்க. அதுக்குத்தானுங்க நொம்பப் பயந்துட்டே போறமுங்க."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார் மீது கோபப்படுவது என்று தெரியாமல் எல்லோர் மீதும் கோபப்பட்டேன். அமைதியாக இருக்கச் சொல்லச் சொன்ன அந்தக் கம்பெனிப் பெண் மீது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்ன கடைக்காரர் மீது, நீல விளக்குக்காரர்கள் மீது, அரிசி டின்னுக்குள் குழந்தையைப் போலத் தூங்கும் அந்தக் கருவி மீது. தொண்டை கட்டியதால் செத்தவனின் கதையைச் சொல்வதற்காக அவன் மனைவி தன் தொண்டையை அடைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அன்றைக்குப் பதிவு செய்யவில்லை. படுக்கையில் உட்கார்ந்து யோசித்தபோது, சேர்வராயன் மலைக் கோயில் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி அறிவிப்பார்களே, அது நினைவுக்கு வந்தது. சுற்றிலும் மேளம், ஊதல், கூட்டம், ஐஸ் வண்டி. ஆனால் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். அவர் அந்தக் கம்பி வலைத் தலை வைத்த மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசுவார். அது பக்கத்தில் இருக்கும் வாயைத்தான் கேட்கும். தள்ளி இருக்கும் மேளம் அதன் காதில் ஏறாது. அதற்குப் பேர் டைனமிக் என்று பெட்டியில் எழுதியிருக்கும். விலையும் குறைவு. இதைச் சொல்ல ஒரு ஞானிக்கும் வாய் வரவில்லை.

மறுநாளே முதல் பஸ்ஸில் இறங்கிப் போய் அதே கடையில் நின்று டைனமிக் கேட்டேன். "இது மேடைக்கு மேம். அனௌன்ஸ்மென்ட்டுக்கு. வீட்டுல யூஸ் பண்ணா டல்லா இருக்கும்" என்றார் அவர். "என் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். எங்கள் பாதையில் ஒன்றும் நடக்கவில்லை என்ற நிம்மதியில்தான் நான் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன்.

புது மைக்கை உதட்டுக்கு முன்னால் நிறுத்தி, 'பாதை', 'பனி' என்று சொல்லும்போது காற்று அடிக்காமல் இருக்க ஒரு பழைய சாக்ஸை அதன் தலையில் மாட்டினேன். கீழே போய் அவர்களிடம், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போங்கள், சத்தம் வரவில்லை என்றால் நான் படிக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் அப்படியே செய்தார்கள். அவள் மற்றவர்களைவிட அதிகமாகக் கத்தினாள். போட்டுக் கேட்டால் என் குரல் மட்டும் இருந்தது, சற்றுக் கனத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல. பாதைச் சத்தம் எங்கோ அடியில், இருக்கிறதோ இல்லையோ என்ற அளவில் இருந்தது. முழுப் புத்தகத்தையும் எங்கள் பேச்சிலேயே படித்து முடித்தேன். வீட்டை ஊடு என்றே சொன்னேன்.

கம்பெனியிலிருந்து, பிரமாதம் என்று செய்தி வந்தது. கொஞ்சம் மெருகேற்றி அனுப்புகிறோம் என்றார்கள். அந்த மெருகைக் கேட்டபோதுதான் இந்த விவகாரத்திலேயே எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது. என் குரலுக்குப் பின்னால் மழை பெய்தது. எந்த ஊர் மழையோ, தகரத்தில் விழாத மழை. ஏதோ ஒரு பறவை கூவியது, இந்த மலையில் நான் கேட்டறியாத பறவை. முதல் அத்தியாயத்தில், தூரத்தில், யாரோ ஒருவன் "ஹோய்" என்று கூப்பிட்டான். ஸ்டூடியோவில் நின்று கூப்பிட்டிருக்கிறான். அவன் குரலில் ஒரு சொட்டுப் பயம்கூட இல்லை.

போனில் கேட்டேன். "அட்மாஸ்ஃபியர் மேம். ஹில் ஸ்டேஷன் ஃபீல் வரணும்ல?" என்றாள் அந்தப் பெண். நாங்கள் கொடுத்தால் நாய்ஸ், நீங்கள் கடையில் வாங்கினால் அட்மாஸ்ஃபியரா என்று கேட்டேன். கேட்பவர்களுக்கு இது பிடிக்கும் என்றாள். இந்தப் புத்தகத்தைக் கேட்கக் காத்திருக்கிற ஒருத்தியை எனக்குத் தெரியும், அவளுக்கு அந்தப் பாதையில் யார் கூப்பிட்டாலும் குரலை வைத்தே ஆளைத் தெரியும், அந்த ஹோய்க்காரனை அவளுக்கு நீங்கள் அறிமுகம் செய்துவைப்பீர்களா என்று கேட்டேன். மழையையும் பறவையையும் அவனையும் எடுத்தால்தான் புத்தகம் வெளியே போகும், இல்லாவிட்டால் போக வேண்டாம் என்றேன். எடுத்தார்கள், மனசில்லாமல். எடுத்த பிறகும், கொஞ்சம் வெறுமையாக இருப்பதாக ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அவள் செல்போனில் அதை ஏற்றிக் கொடுத்து, எங்கே தட்ட வேண்டும் என்று காட்டினேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டாளா, பாதியில் நிறுத்திவிட்டாளா, நான் எழுதியது அவளுக்குப் பிடிக்கவில்லையா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பிறகு ஒரு நாள் பொழுது சாயும் நேரம். பனி நன்றாக இறங்கியிருந்தது. ஜன்னலுக்குக் கீழே யாரோ பேசும் சத்தம் கேட்டது. எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். அது என் குரல். காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து நான் உரக்கப் பேசிக்கொண்டு வந்தேன். "அன்னைக்கு அவருக்குத் தொண்ட கட்டியிருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பனியை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். செல்போனைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தாள். சத்தத்தை முழுதாகக் கூட்டியிருந்தாள்.

"என்ன புள்ள இது?" என்றேன்.

கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். காற்றாகத்தான் பேச்சு வந்தது. "தொண்ட கட்டிக்கிச்சுங் டீச்சர். அதான் உங்களையப் பேச உட்டுட்டுப் போறனுங்க. தெனமும் இதேதானுங்க, மொதக் கதை. கேட்டுட்டே போனா ஊடு வந்துருதுங்க. காட்டுமாடும் வெலகிக்குதுங்க."

நிற்காமல் நடந்தாள். அவள் பனிக்குள் மறைந்த பிறகும், பாதை திரும்பிக் கீழே இறங்கும் வரைக்கும், நான் அவளுக்கு முன்னால் குரல் கொடுத்துக்கொண்டு போவது எனக்குக் கேட்டது.